வாயால் சொல்லுங்கள்

தலையசைப்பு என் இயந்திரத்தில் ஏறாது.
அதனால்தான் பத்து நிமிடத்துக்கொரு முறை
யாராவது நினைவூட்டுகிறார்கள்:
"வாயால் சொல்லுங்கள், திருமதி ரூசிச்கா."

நெப்ராஸ்கா, கீர்னி நகரம்.
வங்கிக்கு மேல்மாடியில் ஓர் அறை,
நீள மேசை, தண்ணீர்க் குடுவை,
யாரும் தொடாத பிஸ்கட் தட்டு.
ஒமாஹாவிலிருந்து வந்த கம்பெனி வக்கீலுக்கு ஜலதோஷம்.
ஒவ்வொரு தும்மலுக்கும் மன்னிப்புக் கேட்கிறார்.
மன்னிப்பைப் பதிகிறேன், தும்மலை விட்டுவிடுகிறேன்.

எனக்குக் கூலி பக்கக் கணக்கில்.
பேசினால் பக்கம் நிரம்பும்.
அழுதால் நிரம்பாது.

கேள்வி: உங்கள் கணவர் காரை ஏன் நிறுத்தினார்?
பதில்: டயர் பஞ்சராகியிருக்கும்.
கேள்வி: முழுவதுமாகச் சாலையோரத்திலா?
பதில்: நான் அங்கே இல்லை.

சான்று எண் பதினொன்று மேசையில் நகர்ந்து வருகிறது.
நார்த் பிளாட் தாண்டி, பனி வழித்த நெடுஞ்சாலை.
வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு பின்சக்கரம்,
அதன் பக்கத்தில் போலீஸ் வைத்த மஞ்சள் அளவுகோல்.
ஒன்பது அங்குலம்.
நானூறு லாரி வைத்திருக்கும் ஒரு கம்பெனி
அந்த ஒன்பது அங்குலத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த ஊர்ச் சட்டம் பிழையைப் பங்கு போடும்.
செத்தவர் பங்கு பாதியைத் தொட்டால்
இருப்பவருக்குச் சல்லிக்காசு கிடையாது.
நாற்பத்தொன்பது என்றால் உண்டு, கழித்துக்கொண்டு.

"ஒன்பது அங்குலம் எத்தனை சதவீதம்?"
என்று ஆர்டித் ரூசிச்கா கேட்டார்.
"இங்கே கேள்வி கேட்பது நான், அம்மா."
பிறகு, மன்னிக்கவும்.

வெர்லின் ரூசிச்காவுக்கு எடைமேடைகளைச் சரிபார்க்கும் வேலை.
தானியக் கிடங்குகளில் லாரி ஏறி நிற்கும் இரும்புத் தட்டு
பத்து பவுண்டு பொய் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவாராம்.
இதை யாரும் கேட்கவில்லை.
அவராகவே சொன்னார்; நான் பதிந்தேன்.

கேள்வி: வீட்டுவாசலில் பனி தள்ளுவது யார்?
(அவருடைய வக்கீல் நிமிர்ந்து உட்காருகிறார்.
அந்த வேலைக்கு ஆள் வைத்தால் மணிக்கு எவ்வளவு,
இருபத்திரண்டு குளிர்காலத்துக்கு எவ்வளவு,
அட்டவணை அவர் கையில் தயார்.)
பதில்: நான்தான். அவருக்கு முதுகு வளையாது.
(வக்கீல் பேனாவை மூடுகிறார்.)
கேள்வி: சமையல்?
பதில்: ஞாயிற்றுக்கிழமை முட்டை. கருக்கிவிடுவார்.

நிஜத்தைச் சொல்லித் தன் கணக்கைத் தானே குறைத்துக்கொண்ட ஒருவரை
பதினாறு வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

மதியம் லாரி ஓட்டிய எலிசெயோ பாரியென்டோஸ்.
லெக்ஸிங்டன் ஆலையிலிருந்து டென்வருக்கு
இருபது டன் உறைந்த மாட்டிறைச்சி.
எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?
மூன்று விரலைக் காட்டினார்.
வாயால் சொல்லுங்கள்.
சொன்னார். மொழிபெயர்ப்பாளர் திரும்பச் சொன்னார்:
மூன்று.

மூன்று மணி ஐம்பத்திரண்டுக்கு அவர் போனில் வந்த செய்தி
சத்தமாக வாசிக்கப்பட்டது:
"எட்டுக்குக் கிடங்குக் கதவு மூடிவிடும். எங்கேயும் நிற்காதே."
மோதியது நான்கு பத்துக்கு.
கம்பெனி வக்கீல் ஆட்சேபித்தார்.
தும்மல் வரவில்லை.

இடைவேளை அறிவிக்கப்பட்டது.
என் விரல்கள் விசைகளை விட்டு எழுந்திருந்தன.
பாரியென்டோஸ் மேசையின் கடைசி நாற்காலியைப் பார்த்தார்.
உதடு அசைந்தது, குரல் வரவில்லை.
ஆர்டித் தலையை அசைத்தார்.
ஆம் என்றா, வேண்டாம் என்றா
என் இடத்திலிருந்து தெரியவில்லை.

வசந்தத்தில் வழக்கு சமரசமானதாகக் கேள்வி.
தொகை உறைக்குள்; உறையின் மேல் முத்திரை.
மூன்றில் ஒன்று வக்கீலுக்கு, அது ஊரறிந்த கணக்கு.

என் பங்கு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
கடைசிப் பக்கத்தில் வழக்கமான வாசகம்:
நடந்ததன் முழுமையான, உண்மையான பதிவு இது.
கீழே என் கையெழுத்து.

அன்று மாலை இறங்கி வந்தபோது
என் காரின் பின்சக்கரம்
கோட்டின் மேல் நின்றிருந்தது.
அளந்து பார்க்கவில்லை.