ஒரு வினாடி குறைய

ரை மாவு ஒட்டிய விரலைக்
கைபேசி ஏற்கவில்லை.
முன்பின் பார்த்திராத ஆள் போல
அடுப்பு மேடையில் இருண்டு கிடந்தது.
ஸ்டெய்ன்வோர் குனிந்து
மூக்கு நுனியால் தட்டினாள்.
மூக்குக்குத் திறந்தது.

நேரங்காட்டிச் சக்கரத்தையும்
மூக்காலேயே உருட்டினாள்.
இருபத்து மூன்றில் நின்றுவிட்டது.
நிமிடம் ஐம்பத்தொன்பது,
வினாடி ஐம்பத்தொன்பது,
அதற்கு மேல் போகமாட்டேன் என்றது.
முட்டைக்கு ஆறு நிமிடம்,
பாஸ்தாவுக்குப் பதினொன்று,
இதற்கெல்லாம் என்று செய்த கடிகாரம்.
ஒரு முழுநாள் வேகிற பண்டம்
ஐஸ்லாந்தில் உண்டென்று
செய்தவனிடம் யாரும் சொல்லவில்லை போலும்.
போகட்டும்,
அந்த ஒரு வினாடியை
நான் போட்டுக்கொள்கிறேன் என்றாள்
பாத்திரத்து மூடியிடம்.

ஏரிக்கரையில் மணல் தானாகக் கொதிக்கும்.
முழங்கை ஆழம் தோண்டி
பிளாஸ்டிக் தாள் சுற்றிய பாத்திரத்தை இறக்கி
மூடி
மேலே ஒரு கறுப்புக் கல்.
கட்டைவிரலைப் பனியில் துடைத்தாள்.
தொடங்கு.

இரவு, காபி டப்பாவில் சாய்ந்தபடி
கைபேசி இறங்கிக்கொண்டிருந்தது:
பதினேழு, ஐம்பத்தெட்டு, பன்னிரண்டு.
பதினொன்று.
எண் போய் ஒரு பெயர் வந்தது.
ஓர்முர்.

படகைக் கேட்காமல் விற்ற தம்பி.
இரண்டு குளிர்காலமாகப் பேச்சில்லை.
பெயர் மேசையில் நடுங்கி நடுங்கி
சர்க்கரைக் கிண்ணம் வரை நகர்ந்தது.
அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.
நின்றதும் எண் திரும்பி வந்தது.
நாற்பது வினாடி காணாமல் போயிருந்தது,
யார் வீட்டிலும் எதுவும் வேகாத
நாற்பது வினாடி.

காலையில் பள்ளிப் பேருந்து.
ஓட்டுநர் கண்ணாடிக்குக் கீழே
ஏழு, நாற்பத்தொன்பது, முப்பது.
'வெடிகுண்டா?' என்று கேட்டான் ஊல்வர்.
ரொட்டி.
'ரொட்டிக்கா? பீட்சாவே பதிமூன்று நிமிடம்தான்.'
கடைசி வரிசை
கத்தி எண்ணத் தொடங்கிவிட்டது.
முன்பல் விழுந்த சோல்ரூன் மட்டும்
யோசித்துவிட்டுக் கேட்டாள்:
மண்ணுக்குள் என்ன நடக்கிறதென்று
இதற்கு எப்படித் தெரியும்?
தெரியாது கண்ணே.
இது மேலே இருக்கிறது,
ரொட்டி கீழே இருக்கிறது.

மூன்று மணிக்குக் கரைக்கு வந்தபோது
பனி எல்லாக் கற்களையும்
ஒரே கல்லாக்கி வைத்திருந்தது.
கைபேசியை எடுத்தாள்.
பேட்டரி சிவப்பு, இருபத்தெட்டு நிமிடம் மீதி.
குளிர் அதன் கழுத்தைப் பிடித்தது,
கண்ணெதிரே அணைந்தது.
நேரமும் இல்லை, இடமும் இல்லை.
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு
அடுத்தவர் வீட்டு நாயைப் போல
அங்குமிங்கும் நடந்தாள்.

அப்போதுதான் பார்த்தாள்,
பனிக்கு மேலே தலைநீட்டி
ஒரு ஆரஞ்சு மிதவை,
குச்சியில் கட்டி நட்டது.
அதில் பாதி உரிந்த வெள்ளை எழுத்து,
விற்றுப்போன படகின் பெயர்.
மிதவையை மட்டும் விற்கவில்லை போல.
நேற்றிரவு பனி வரப்போகிறது என்று
சொல்லத்தான் அழைத்திருக்கிறான்.
எடுக்கவில்லை என்றதும்
வந்திருக்கிறான்.

நேரம் தெரியாததால் காத்திருந்தாள்.
வானத்தின் நீலம் கறுக்கும் வரை,
கால்விரல்கள் இருப்பது மறக்கும் வரை.
பிறகு தோண்டினாள்.
ஆவி முகத்தில் அடித்தது,
வெல்லம் கருகும் முன்னால் வருகிற வாசனை.

வீட்டில் மின்சாரம் குடித்து
எழுந்தது கைபேசி.
இருபத்து மூன்று, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது,
ஒன்றுமே நடக்காதது போல.
ஓரத்தில், தவறிய அழைப்பு ஒன்று.

ரொட்டி கறுப்பாக, ஈரமாக,
நடுவில் கொஞ்சம் கூடுதலாகவே வெந்திருந்தது.
வெண்ணெய் தடவித்
தடியாக இரண்டு துண்டு வெட்டினாள்.
ஒன்றைக் கடித்தாள்.
மற்றதைப் பார்த்தாள்.
பத்து விரலிலும் வெண்ணெய்.

குனிந்து
அந்தப் பெயர் மேல்
மூக்கை வைத்தாள்.