பன்னிரண்டா, பதினைந்தா

ஓல்டன் யார்டில் இரவு இரண்டு பத்து.
பனிமூட்டம் ரயில் பெட்டிகளின் முழங்கால்வரை ஏறி நிற்கிறது.
ஜெனீவாவிலிருந்து வந்த வண்டியை
நாலு பேர் துடைக்கிறோம்,
எட்டு மாதமாகத் துடைத்தும் போகாத
அதே சண்டையோடு.

ஹாஸ்கின் கையுறையைக் கழற்றியது எழுபத்தாறில்.
கிராபெக் பிறந்ததே எழுபத்தொன்பதில்.
அதனாலென்ன என்கிறான் குகதாசன்,
முதலாம் வகுப்பு மேசையில் காய்ந்த வைன் வட்டத்தைச் சுரண்டியபடி.
“கிராபெக்கின்ரை வலக்கை ஒருக்காப் பட்டாப் போதும்.
சுவருக்கு அடிச்சா
சுவர் மன்னிப்புக் கேக்கும்.”

“படவேணுமே.”

அவ்வளவுதான் அருள்நேசன்.
அவருடைய வாதம் முதலில் வராது.
எதிராளி தோளை அசைக்கும்வரை
வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நாற்பத்து நாலு சண்டை, முப்பத்தொன்பது நாக்கவுட்
என்று குகதாசன் இருக்கைக்கு இருக்கை எண்ணிக்கொண்டு வருவான்.
“அதிலை முப்பது பேர்
வாடகை கட்ட வந்த ஆக்கள்” என்பார் இவர்,
கண்ணாடியில் எவனோ நெற்றி சாய்த்துத் தூங்கிய
எண்ணெய்த் தடத்தை அழித்துக்கொண்டே.
பிறகு, கேட்டால் மட்டும், ஹாஸ்கினைச் சொல்லுவார்:
இடது தோள் தாழும்.
தலை அரைச் சாண் விலகும், அதற்குமேல் ஒரு நூல் இல்லை.
வந்த கை வீடு திரும்புமுன்
அது திறந்துவிட்டு வந்த கதவால்
இவன் உள்ளே போயிருப்பான்.

நான் யார் பக்கம்?
சம்பள வாரத்தில் கிராபெக்.
மாதக் கடைசியில் ஹாஸ்கின்.

நேற்று வாய் போதாமல் நடைபாதைக்கு வந்துவிட்டது.
மஞ்சள் ரப்பர் கையுறைகள்.
ஐம்பத்தெட்டு வயதும் நாற்பத்தொன்றும்.
மணிக்குப் பதிலாக நான் வாளியைத் தட்டினேன்.
குகதாசன் உண்மையாகவே வீசினான்.
அருள்நேசன் சாய்ந்தார்,
ஏதோ ஞாபகம் வந்தவர்போல, கொஞ்சம்.
கம்பியில் பட்ட சத்தம்
அடுத்த பெட்டிவரை போய்த் திரும்பியது.

அவனது முஷ்டியைத் தானே பிடித்து
கழிப்பறைக் குழாயடியில் வைத்திருந்தார்.
“ஏன் திருப்பி அடிக்கேல்லை?”
“நீ எனக்கு எங்கை அடிச்சனி? கம்பிக்குத்தானே.”

அப்போது நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது:
கிராபெக் கையையே நீட்டாமல் நின்றால்
ஹாஸ்கின் என்ன செய்வான்?

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
வெளிச்சத்தின் நடுவில் இரண்டு பேர், தலா நூறு கிலோ,
ஒருவன் மற்றவனுக்காக.
சனம் காலால் தட்டுகிறது.
மணி அடிக்கிறது. அமர்கிறார்கள். எழுகிறார்கள்.
ஒரு துளி வியர்வை இல்லை.

“முதல்லை எத்தினை ரவுண்டு எண்டு சொல்லுங்கோ.”
தூரிகையோடு வந்து நின்றாள் பிலோமினா.
எட்டு மாதத்தில்
இந்த விஷயத்தில் அவள் பேசிய முதல் வசனம்.
“அவன்ரை காலத்திலை பதினைஞ்சு, இவன்ரை காலத்திலை பன்னிரண்டு.
கையுறை எட்டு அவுன்சோ பத்தோ?
உதுகூடத் தெரியாமல்
ஆரை மோத விட்டனீங்கள் இவ்வளவு நாளும்?”

குகதாசன் வாய் திறக்கவில்லை.
ஈரக் காகிதம் சுற்றிய கையை
நெஞ்சோடு அணைத்தபடி நின்றான்.

“பதினைஞ்சு!”

அருள்நேசன்.
யாரும் தோளை அசைக்கவில்லை.
யாரும் கேட்கக்கூட இல்லை.
கழுத்து நரம்பு புடைக்க, ஒரு அடி முன்னால் வந்து,
“பதினைஞ்சுதான்! கடைசி மூண்டு ரவுண்டிலைதான்
பெரிய அடிகாரனுக்கு மூச்சு முடியும்,
அதை வெட்டிப்போட்டு என்ன சண்டை,
ஆருக்கு வேணும் உங்கடை பன்னிரண்டு!”

குகதாசன் தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்தான்.
அந்த முழு நீளமும் தன் காதைத் தாண்டிப் போகவிட்டு,
சிரித்து,
இடது தோளைத் தாழ்த்தினான்.

ஐந்து மூன்றுக்கு வண்டி புறப்பட்டது, சூரிச் நோக்கி,
சுத்தமாக.
அந்த ஒரு வைன் வட்டம் தவிர.