நிரல் ஏழு: கற்ற காலம்

சான்றிதழ் வலப்பக்கமிருந்து தொடங்குகிறது.
நானோ இடப்பக்கத்தில்
முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தேன்.
"இங்க இருக்கு, மிஸ்."
ருமைஸாவின் விரல் நுனியில்
மருதாணி பாதி வளர்ந்து போயிருந்தது.

சோனகத் தெரு விலாசம். பிறப்பு புத்தளம். படிப்பு கார்த்தூம்.
மூன்றையும் ஒரே கோட்டில் எழுத
இடம் போதவில்லை.

அங்கே மூன்று வருடம் இருந்தால் வெறும் பகலூரியூஸ்.
நான்காவதும் இருந்து
ஓர் ஆய்வும் எழுதினால்
வாலில் இரண்டு சொல் ஒட்டும்:
மர்தபத் அஷ்ஷரஃப்.
"மரியாதையிட படி" என்றாள்,
பிறகு தானே திருத்தினாள்:
"சிறப்புப் பட்டமெண்டு சொல்லுவீங்களே, அது."

இங்கேயும் அப்படித்தான், பிள்ளை.
மூன்றில் பொது, நான்கில் சிறப்பு.
ஏணி ஒன்றுதான்; சாத்திய சுவர்தான் வேறு.

அவள் நான்காவதில் ஏறிக்கொண்டிருந்தாள்.
ஏழாம் பருவத்தில் விலங்கியலுக்கு மட்டும் புள்ளி உண்டு.
மற்றப் பெட்டிகள் காலி.
விடுதிக்குப் பின்னால் முதல் குண்டு விழுந்தபோது
தவளை ஒன்று மேசையில் திறந்தபடி கிடந்ததாம்.
அதற்குப் பிறகு
கடலோர நகரத்து வாடகை அறையொன்றிலிருந்து
கல்லூரி அனுப்பிய கடிதம்:
முடித்தவரைக்கும் தருகிறோம்.

"மூண்டு வருசம் எண்டு போடவோ?"

அவள் சிரித்தாள்.
"போனது பதினெட்டில, மிஸ். இடையில புரட்சி,
பிறகு கொரோனா. இது வந்தது இருபத்துநாலில."
அடியில் ஹிஜ்ரித் திகதியும் இருந்தது,
ஆயிரத்து நானூற்று நாற்பத்தைந்து.
அதைக் கழிக்க எனக்குத் தெரியவில்லை.

என் பட்டமும் மூன்று வருடம்தான்.
தொண்ணூற்று நாலில் பதிவு.
அடுத்த ஐப்பசியில்
நாவற்குழிப் பாலத்து மழையில்
பொருளியல் குறிப்புகளை
தலைக்கு மேலே பிடித்தபடி நின்றேன்.
நனைந்தது நுண்பொருளியல்.
இரண்டாயிரத்தில் சான்றிதழ் வந்தது.
அந்த இரவுக்கு
எந்தப் பருவத்திலும் புள்ளி இல்லை.
இதை அவளிடம் சொல்லவில்லை;
வரிசையில் இன்னும் நாலு பேர்.

தொடங்கிய திகதி எழுதினேன்.
முடிந்த திகதி எழுதினேன்.
நிரல் ஏழில் பேனை நின்றது.
பரமேஸ்வராச் சந்தியில் மினிபஸ்காரன்
உரும்பிராய் உரும்பிராய் என்று கத்தினான்.

3.

எழுதிவிட்டு
கட்டணப் பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
அதில் இன்றைய திகதி.
அது மட்டும் சரி.