ஒன்பது நாள் சங்கு

கோலப்பிலாவிலிருந்து ஒரு கல்யாண வீடியோ:
தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் மாமா இருமுகிறார்,
வெள்ளிக்கிழமைக்குள் அதை எடுத்துவிட வேண்டும்.
மூன்று மணிக்குக் கீபோர்டு படிக்க இரண்டு பிள்ளைகள்.
நாலரைக்கு முருகன் கோயில் மைக் செட், ஒயரில் எலி.
லிஸ்பனில் ஒரு வானொலிக்குப் பதினொரு நிமிடம்,
"மௌனம் கொஞ்சம் கூடுதலாக" என்ற குறிப்போடு.

என் மாடிக்குக் கீழே மோட்டார் பட்டறை.
பாகாவில் மௌனத்தை ஆ ஹோக்கிடம்தான் கேட்க வேண்டும்;
ஞாயிறு மதியம் மட்டும் கொஞ்சம் வைத்திருப்பான்.

மீதி நேரத்தில் என் வேலை.
செம்பனைக் குலை இரும்புத் தொட்டியில் விழும் சத்தம்
இதுவரை முப்பத்தேழு:
மழையில் நனைந்தது, காம்பு நீண்டது, பழுத்து உதிர்வது,
காயாக வெட்டி மண்டோரிடம் ஏச்சு வாங்கியது.
எடைமேடைக்கு அடியில் படுத்து
பிளாஸ்டிசினில் ஒட்டிய மைக்குகளோடு
பதினாறு டன் லோரி என்மேல் ஏறி நின்று
மூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறேன்.
ஈப்போவிலிருந்து அக்கா போனில் கேட்பாள்:
"இன்னும் சத்தம்தான் பிடிக்கிறியா, குணா?"
பிடிக்குது, என்பேன்,
வேறு அர்த்தத்தில்.

அன்று படியேறி வந்தவர் ஆலை இன்ஜினியர் சுல்கர்னாயின்,
ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
சத்தக்கார அம்மா நீங்கள்தானே, என்று மலாயில்.
ஆலைச் சங்கின் மோட்டார் கருகிவிட்டது,
ஜொகூரிலிருந்து சாமான் வரப் பத்து நாளாகும்,
ஒலிபெருக்கி உண்டு, அதற்குள் போட ஒரு சங்கு வேண்டும்.

எத்தனை விநாடி, என்றேன்.
நாற்பது, என்றார்.
நாற்பத்திரண்டு, என்றேன்.
கேட்பவர்கள் எண்ணூறு பேர் என்று
இதற்கு முன் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இரவு முழுக்கத் தைத்தேன்.
ஆவிக்கலன் திறக்கும் பெருமூச்சு,
அதன்மேல் கெமாஸ் போகும் சரக்கு ரயிலின் பிரேக்,
கால் பங்கு வேகத்தில் ஆ ஹோக்கின் அரவை எந்திரம்,
தீயில் காட்டும்போது உறுமித் தோல் இறுகும் முனகல்,
எல்லாவற்றுக்கும் அடியில், காதுக்கு எட்டாத அளவில்,
என் ஊ.

முதல் நாள் ஆறு மணி. எடைமேடைக்கு எதிரே
பையில் கட்டிய தே தாரிக்குடன் நின்றேன்.
சங்கு எழுந்தது. கூரையில் காக்கை எழுந்தது.
ஆள் ஒருவரும் நிமிரவில்லை.
பூட்ஸைத் தட்டி மாட்டிக்கொண்டு போனார்கள்.
அவமானமா பெருமையா என்று தெரியாமல்
தேத்தண்ணீரை முடித்தேன்.

பிறகு கை சும்மா இருக்குமா?
மூன்றாம் நாள் முனகலை முன்னே இழுத்தேன்.
நான்காம் நாள் வால் நீண்டது; நாய்கள் ஊளையிடவில்லை.
ஐந்தாம் நாள் கிராணி தனபாக்கியத்தின் புகார்,
சங்கு முடியட்டும் என்று சிகரெட்டை இழுக்கிறார்களாம்.
ஆறாம் நாள் ரயிலை எடுத்துவிட்டேன்.

ஏழாம் நாள் கேண்டீனில், குலை வெட்டும் சாருல்,
லொம்போக்கிலிருந்து வந்தவன்,
சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்:
நேற்றிலிருந்து ஒன்று குறைகிறது.
என்ன குறைகிறது?
பெயர் தெரியவில்லை அவனுக்கு. உதட்டைக் குவித்துப்
பல்லிடுக்கில் காற்றை இழுத்தான்.
பிரேக். இரும்பை இரும்பு வேண்டாமென்று சொல்லும் அந்த இடம்.
இன்னொரு தடவை, என்று பதிவுக்கருவியை நீட்டினேன்.
சோற்றுக் கையோடு வெட்கப்பட்டான். செய்தான்.

எட்டாம் நாள், ரயில் இருந்த இடத்தில் அவன்.
டிராக்டர் பெட்டியில் நின்ற இருபது தலைகளில்
ஒரு தலை மட்டும் திரும்பியது.

ஒன்பதாம் நாள் மாலை சாமான் வந்துவிட்டது.
ஆலை ரசீதில் 'சைரன் பழுதுபார்ப்பு' என்று
இருநூற்று எழுபது வெள்ளி, கூடவே ஐந்து கிலோ எண்ணெய்.
மறுநாள் பழைய சங்கு ஊதியபோது
பாயில் கிடந்தபடி கேட்டேன்:
ஒரே சுருதி, நேர்க்கோடு,
என்னுடையதைவிட உரக்க.

லிஸ்பனுக்கு இன்று நள்ளிரவுக்குள் போக வேண்டும்.
பத்து நிமிடம் இருபது விநாடி சேர்ந்திருக்கிறது.
கீழே யாருக்கோ டயருக்குக் காற்றடிக்கிறான்.
கல்யாண வீடியோவைத் திறந்து
மாமாவின் இருமலை வெட்டி எடுத்தேன்.
குப்பையில் போடுமுன் ஒருமுறை கேட்டேன்.
காய்ந்த, உள்ளே சின்னதாய் விசிலடிக்கும், நல்ல இருமல்.
தனிக் கோப்பில் வைத்தேன்.