நூற்றுப் பதினெட்டு டன்

காகிதம் நூற்றுப் பதினெட்டு என்கிறது.
கிரேன் நூற்று இருபத்துமூன்றரை என்கிறது.
ரௌமா துறைமுகம், பிப்ரவரி, மைனஸ் பதினேழு.
கரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்
எவர் பேச்சையும் கேட்காமல்
தொங்குகிறது உருளை.

காகிதம் உலர்த்தும் உருளை.
உருகுவேயில் ஓர் ஆலையில்
ஈரக்கூழைச் சூட்டு முதுகில் வாங்கி
ஒரே சுற்றில் உலர்த்தி உதிர்க்கப் போகிறது.
இத்தனை இரும்பும் எதற்கு என்கிறீர்களா?
யாரோ மூக்குச் சிந்த
ஒரு மெல்லிய தாள்.

"இறக்கு" என்றேன்.
கிரேனிலிருந்த ஆர்மஸ் இறக்கினான்.
மறுபடி தூக்கச் சொன்னேன்.
அதே நூற்று இருபத்துமூன்றரை.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சரி.
ஏட்டைவிடச் சுரைக்காய் கனத்துவிட்டால்
எந்தப் பழமொழியைத் தேடுவது?

சீஃப் மேட் ரொடெலியோ, இலோயிலோக்காரர்,
பதினாறு சங்கிலிக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.
பிஸ்கே வளைகுடாவில் கப்பல் சாயும்போது
இந்த ஐந்தரை டன் எந்தப் பக்கம் இருக்கும்
என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.
சொல்லிக்கொண்டே காபிக் குவளையைச்
சாய்த்துக் காட்டினார்.
சிந்திவிட்டது.
துடைக்க மென்தாள் எடுத்தார்.
கை பாதியில் நின்றது.
நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆலைக்குத் தொலைபேசி.
ஆமாம், அழுத்தச் சோதனைக்கு நீர் நிரப்பினோம், நவம்பரில்.
வடித்தீர்களா?
மறுமுனையில் யாரோ
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம்.

ஆள்நுழை வாயில், இருபத்துநான்கு போல்ட்.
உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். நின்றேன்.
வார்ப்பிரும்பின் அடிவயிற்றில்
நவம்பர் கட்டியாய்ப் படுத்திருந்தது,
முழங்கால் உயரத்துக்கு.
விரிந்துகொள்ள மேலே இடம் கிடைத்ததால்
இரும்பை அது ஒன்றும் செய்யவில்லை.
"கீறல் இல்லை" என்று கத்தினேன்.
இல்லை இல்லை இல்லை என்றது உருளை.

விளக்கைத் தாழ்த்தியபோதுதான்,
பனிக்கு ஒரு விரற்கடை கீழே,
மஞ்சள் கையுறை ஒன்று.
ஐந்து விரலும் விரிந்து,
நில் என்றோ வா என்றோ.

இரண்டு இரவு சூட்டுக் காற்று அடித்தோம்.
குழாய் வழியே இறங்கிய நீர்
கரையில் ஓடி, ஓடும்போதே உறைந்தது.
அதன்மேல் மணல் தூவ ஒரு ஆள்,
தூவியவன் வழுக்கி விழ, தூக்க இன்னொரு ஆள்.
கப்பல் சும்மா நிற்கும் நாளுக்கு என்ன வாடகை என்று
மணிக்கொரு தரம் நினைவூட்டினாள் ஏஜெண்ட் ஹெல்லெவி.
நானும் அவளுக்கு மணிக்கொரு தரம் சொன்னேன்:
உருகிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் விடியல். ஆர்மஸ் தூக்கினான்.
நூற்றுப் பதினெட்டு.
காகிதம் பொய் சொல்லவில்லை,
கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

பிறகு எல்லாம் விறுவிறுவென்று.
அடியில் மரக்கட்டை, பக்கத்தில் பற்றவைத்த தடுப்பு,
பனியில் விழுந்து அணையும் வெல்டிங் பொறி,
பதினாறு சங்கிலி.
ரொடெலியோ ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்தார்,
பதினாறாவதை இரண்டு முறை.
முன்னே பனியுடைக்கும் கப்பல் போக,
கறுத்த நீரில் ஒரு தெரு திறந்தது.

காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
சோதனை நீர் வடிக்கப்படவில்லை.
கையுறையின் உள்மடிப்பில்
மார்க்கர் மையில் ஒரு பெயர் இருந்தது.
படித்தேன்.
அறிக்கையில் அதற்கென்று கட்டம் இல்லை,
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம்
காரின் சூட்டுக் காற்றில்
சொட்டிக்கொண்டே வந்தது
அந்த ஐந்தரை டன்னின்
கடைசிக் கரண்டி.