பூந்தொட்டி எங்கே?

முதல் தேர்வில் கிடைத்தது முப்பத்தெட்டு.
என் வயதும் அன்று அதுதான்.

பாசிர் பாஞ்சாங்கில் இரவு வேலை முடித்து
கிரீஸ் வாடை போகாத கையால்
ஒன்பது பக்கம் எழுதியிருந்தேன்:
கவனக்குறைவுச் சட்டம் பிறந்த கதை,
பாட்டிலுக்குள் செத்துக் கிடந்த நத்தை,
அண்டை வீட்டார் என்பவர் யாரென்று
என்றோ மறைந்த நீதிபதிகள் சொன்னது.
ஆண்டு பிசகவில்லை, பெயர் பிசகவில்லை.
மனப்பாடம்தான் என் ஒரே சொத்து,
அள்ளி இறைத்திருந்தேன்.

ஓரத்தில் பென்சிலில் ஒரே ஒரு வரி:
பூந்தொட்டி எங்கே?

கேள்வித்தாளை மறுபடி விரித்தேன்.
ஆங் மோ கியோ, நாலாம் மாடி, பொது நடைபாதை.
கைப்பிடிச் சுவர்மேல் திருவாட்டி க வைத்த செம்பருத்தி.
முந்தின இரவு மழை.
நகர மன்றம் இருமுறை ஒட்டிய அறிவிப்பு.
பக்கத்து வீட்டுப் பையன் உதைத்த பந்து.
கீழே திரு ங,
காதில் பாட்டோடு, நடக்கக்கூடாத புல்தரையில்
கோப்பி வாங்கக் குறுக்கே போனவர்.

மழை சும்மா பெய்யவில்லை.
பந்து சும்மா வரவில்லை.
அந்தக் கோப்பிகூடக் கணக்கோடுதான்.
கறிக்கு உப்பு அளப்பதுபோல
ஒவ்வொன்றாய் அளந்து போட்டிருக்கிறார் கேள்வி எழுதியவர்.
நானோ அடுப்பின் வரலாற்றை எழுதிவிட்டு
சட்டியைத் திறக்காமலே எழுந்து வந்திருக்கிறேன்.

கிளமெண்டி உணவங்காடி, இரவு பத்தரை.
தாதி உடுப்பு மாற்றாமல் வந்த ஹுய் லின் சொன்னாள்,
"தெளிவாகத் தெரிகிறது என்று எழுதாதே.
தெளிவாக இருந்தால்
அதைக் கேள்வியாகக் கேட்டிருக்க மாட்டார்கள்."
ஃபைரூஸ் தட்டை நகர்த்திவிட்டு
"தோற்கப்போகிற ஆளுக்கும் அரைப் பக்கம் எழுது" என்றான்,
"அவர் பக்கம் உட்கார்ந்து எழுது."

அதுதான் எனக்கு வராதது.
திருவாட்டி கவுக்காக எழுத உட்கார்ந்தால்
பேனா திரு ஙவின் நெற்றிக் காயத்துக்கே ஓடும்.
ஒரு வாரம் அவளை மாடியில் நிறுத்தியே வைத்திருந்தேன்.
பிறகு ஒரு நாள் தோன்றியது:
அறிவிப்பு ஒட்டிய வாரம்
அவள் ஊரில் இருந்தாளா?
கேள்வி அதைச் சொல்லவில்லை.
சொல்லவில்லை என்பதையும் எழுதலாம்,
அதற்கும் மதிப்பெண் உண்டு.

இறுதித் தேர்வில் மூன்று கேள்வி, மூன்று மணி நேரம்.
மூன்றாவதை முடிக்கவில்லை.
கடைசி ஐந்து நிமிடம் வெறும் குறிப்புகள்,
முற்றுப்புள்ளி வைக்கக்கூட நேரமில்லை.
ஆனாலும் ஒவ்வொரு வரியிலும் யாராவது இருந்தார்கள்,
ஈரத்தோடு, காயத்தோடு, ஏதோ ஒரு அவசரத்தோடு.

முடிவு இன்னும் வரவில்லை.

நேற்று நாலாம் எண் தளத்தில்
ரொஃபிகுலின் இரண்டு விரல் நசுங்கியது.
விபத்துப் படிவம் என் மேசைக்கு வந்தது.
காரணம் என்ற கட்டம் தீப்பெட்டி அளவு.
பன்னிரண்டு வருடமாக அதில் நான் எழுதுவது
இரண்டே சொல்:
தொழிலாளியின் கவனக்குறைவு.
எழுதிக் கையெழுத்துப் போட்டு
எத்தனை முறை சாப்பிடப் போயிருக்கிறேன்.

நேற்றும் 'தொழிலாளியின்' வரை எழுதிவிட்டேன்.
அப்புறம் பேனா நின்றது.

அடித்தேன்.
மழை, மூன்று மணியிலிருந்து.
தளவிளக்கு ஒன்று எரியவில்லை, புகார் போய் ஒன்பது நாள்.
அவனுக்கு அது பதினாலாவது மணி நேரம்.
கையுறையை அவன் கழற்றியிருந்தான், ஆம், அதையும் எழுதினேன்.
அந்த வேலைப் பட்டியலில் கையெழுத்திட்டது யார்?
நான்.
அதையும்.

கட்டம் நிரம்பி, ஓரம் நிரம்பி,
எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்தது.
இன்று காலை மேலாளர் திருப்பி அனுப்பினார்:
நீளம் அதிகம், சுருக்கவும்.

சுருக்கவில்லை.
கட்டத்துக்குள் இரண்டே சொல் எழுதினேன்:
பின்பக்கம் பார்க்கவும்.