அறிவிக்க ஏதேனும் உண்டா

மாலை ஆறு மணிக்கு
சமையலறை வாசலில் எல்லைக்கோடு விழுகிறது.
குறுக்கே இஸ்திரி மேசை.
அதற்குப் பின்னால் என் அம்மா தவோரினா,
இரவு உடையின் மேல் இடுப்புப் பட்டை இறுக்கி:
"கடவுச்சீட்டு."

அவள் காவல் காத்த நாடு இப்போது இல்லை.
ரோஷ்னா தோலினா சாவடியில்
இத்தாலியிலிருந்து வரும் கார்கள்
வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.
முதல் மாதம் இதையெல்லாம் சொன்னேன்.
வரைபடம் விரித்துச் சொன்னேன்.
கத்தியும் சொன்னேன்:
நான் போயானா, உன் மகள், இது நம் வீடு,
பையில் இருப்பது வெங்காயம்.
அம்மா குறிப்பேட்டில் எழுதினாள்:
'பயணி பதற்றமாக இருக்கிறார். சோதனை தேவை.'

எழுதியது சரிதான்.

நூலக அட்டையை நீட்டியது
களைப்பில். யோசித்து அல்ல.
படத்தைப் பார்த்தாள், என்னை, மறுபடி படத்தை.
"முடி வெட்டியிருக்கிறீர்கள்."
ஆமாம். மூன்று வருடம் ஆகிறது.
அதைக் கவனித்த ஒரே ஆள்.

அதன் பிறகுதான் கடத்தத் தொடங்கினேன்.
கைச்சட்டைக்குள் காபிப் பொட்டலம்.
ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜீன்ஸ்.
தன் பெயரை எழுதத் தெரியாமல்
காகிதத்தில் தடுமாறும் அதே விரல்கள்
பையின் உள்தையலில் நான் ஒளித்த
பழைய லீரா நோட்டை
ஒரே தடவலில் வெளியே எடுத்தன.

சூப் சாப்பிட மறுத்த வாரம்
அதையும் சரக்காக்கினேன்.
"இது சூப்தான் என்பதற்கு ஆதாரம்?"
நியாயமான கேள்வி. மாதிரி எடுத்துப் பாருங்கள்.
ஒரு கரண்டி. ஐயம் தீரவில்லை. இன்னொரு கரண்டி.
விதிகளின்படி கிண்ணம் முழுவதும்.

முத்திரை நான் உருளைக்கிழங்கில் செதுக்கியது.
பீட்ரூட் சாறு மை.
வருடத்தை அவளே சொன்னாள்: எழுபத்து நான்கு.
வாரம் ஒரு கிழங்கு அழுகும்,
வாரம் ஒன்று செதுக்குவேன்.
என் மணிக்கட்டைப் பார்த்து
வேலையிடத்தில் கேட்கிறார்கள், காயமா என்று.

தம்பி மாரிபோரிலிருந்து தொலைபேசியில்:
"நீ அவளுக்குப் பொய்யை ஊட்டுகிறாய்."
வா, வந்து நீ உண்மையை ஊட்டு,
துப்புவதை நான் துடைக்கிறேன் என்றேன்.
வரவில்லை.

எல்லா மாலையும் விளையாட்டு அல்ல.
டிசம்பரில், போரா காற்று
கூரை ஓடுகளைப் பெயர்த்த இரவு,
எல்லை மூடப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை.
இரண்டு மணிவரை காரில் உட்கார்ந்திருந்தேன்.
செத்துத் தொலையேன் என்று சொன்னேன்.
கண்ணாடி ஏற்றியிருந்தது, யாருக்கும் கேட்டிருக்காது.
எனக்குக் கேட்டது.

மார்ச்சில், அவள் அலமாரியின் அடித்தட்டில்,
சிவப்புக் காலணி ஒரு ஜோடி.
உள்ளே கோரிட்சியா கடையின் பெயர்.
எனக்கு ஐந்து வயதில்
அவள் சீருடைக்குள் வைத்துக் கொண்டுவந்ததாக
அத்தை ஒருமுறை சொன்னாள், நான் நம்பவில்லை.
அம்மாவா?
பக்கத்து வீட்டுக்காரியின் காபியையே
பறிமுதல் செய்தவளா?

பையில், வெங்காயத்துக்குக் கீழே வைத்தேன்.

கண்டுபிடித்தாள்.
நெடுநேரம் ஒன்றும் எழுதவில்லை.
தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்,
அங்கே குளிர்பதனப் பெட்டி மட்டும்.
குரலைத் தாழ்த்தினாள்:
"கோட்டுக்குள் வை.
அடுத்து பணிக்கு வருகிறவர் பொல்லாதவர்."

வை என்றாள். வையுங்கள் இல்லை.
ஒன்பது மாதத்தில் முதல் ஒருமை.

"யாருக்கு?"
ஒரு சின்னப் பெண்ணுக்கு.
"கால் சீக்கிரம் வளர்ந்துவிடும்.
ஒரு அளவு பெரிதாக வாங்கியிருக்கலாம்.
சரி போ. ஓடாதே, சாதாரணமாக நட."

சாதாரணமாக நடந்தேன்.
மூன்று எட்டில் அடுப்பு.
நான் திரும்பிப் பார்ப்பதற்குள்
அம்மா வரிசையில் அடுத்தவரை
அழைத்துக்கொண்டிருந்தாள், கண்டிப்பான குரலில்,
காலியான கூடத்திலிருந்து.

முத்திரைக்கு வெட்டிய கிழங்கின் மீதிப் பாதி
சூப்புக்கு.